ஏணியில் நான் எந்தப் படி? மும்பைத் தமிழ்ப் பெண்கள் கேட்கும் கேள்விகள்

தாராவி, சயான் கோலிவாடா, அண்டாப் ஹில், செம்பூர் பக்கத்துத் தமிழ்ப் பெண்களுக்காக நடக்கும் உடல்நலக் கூட்டங்களில் பிபி பார்த்து எழுதிக் கொடுப்பதும், வந்தவர்களோடு உட்கார்ந்து பேசுவதும் என் வேலை. பேச்சைத் தொடங்க ஓர் ஏணிப் படத்தை நீட்டுவோம். "இதில் நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள்?" அவ்வளவுதான் கேள்வி. சிலர் சிரிப்பார்கள், சிலருக்குக் கோபம் வரும், ஒன்றிரண்டு பேருக்குக் கண் கலங்கிவிடும். அப்புறம் வரும் சந்தேகங்கள் எந்தப் பேட்டைக்குப் போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து மாத்திரை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

அக்கா, இது என்ன ஏணி? இதுல டிக் போட்டா ஏதாவது ஸ்கீம் வருமா?

ஸ்கீம் எதுவும் வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தில் இருக்கும் ஏணிக்குப் 10 படி. மேல்படியில் நிறையப் பணம், நல்ல படிப்பு, மதிப்பான வேலை உள்ளவர்கள். கீழ்ப்படியில் இதெல்லாம் குறைவாக உள்ளவர்கள். உங்களை எங்கே நிறுத்திப் பார்க்கிறீர்களோ அந்தப் படியில் ஒரு குறி போட வேண்டும். அமெரிக்காவில் நான்சி ஆட்லர் என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் உருவாக்கியது இது. மெக்கார்தர் ஏணி என்பார்கள்.

இதில் இன்னொரு வகையும் உண்டு. நாடு முழுவதையும் விட்டுவிட்டு, "உங்களைச் சுற்றி உள்ளவர்கள் மத்தியில் எந்தப் படி?" என்று கேட்பது. சுற்றி உள்ளவர்கள் யார் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். தெருவோ, சங்கமோ, சொந்தபந்தமோ. நம் கூட்டங்களில் இந்த இரண்டாவது ஏணியைப் பார்த்துத்தான் பேனா நீண்ட நேரம் அந்தரத்தில் நிற்கும்.

சம்பளம் எவ்ளோ, எத்தனாவது வரைக்கும் படிச்சேன்னு கேட்டா நீங்களே தெரிஞ்சுக்கலாமே. நான் என்ன நெனைக்கிறேன்னு எதுக்கு?

நல்ல கேள்வி. ஆராய்ச்சிக்காரர்களும் முதலில் சம்பளம், படிப்பு, வேலை மூன்றையும்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2000ல் ஆட்லர் குழு 157 ஆரோக்கியமான வெள்ளைக்காரப் பெண்களிடம் ஏணியையும் கொடுத்துப் பார்த்தது. கீழ்ப்படியில் குறி போட்டவர்களுக்குத் தூக்கம் பிடிக்க நேரமானது, நாடித்துடிப்பு அதிகமாக இருந்தது, கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்ந்திருந்தது. 2005ல் அர்ச்சனா சிங்-மனூ, ஆட்லர், மைக்கேல் மார்மட் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்களும் லண்டன் அரசு ஊழியர்களிடம் இதையே பார்த்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் யாருக்கு உடல்நலம் எப்படி மாறும் என்பதைச் சொல்வதில் வேலை, படிப்பு, வருமானத்தைவிட ஏணியில் போட்ட குறி கொஞ்சம் முன்னால் நின்றது.

ஏன் அப்படி? சம்பளம் கேட்டால் "பதினெட்டாயிரம்" என்பீர்கள். அதில் சீட்டுப் பணம் எவ்வளவு போகிறது, வீட்டுக்காரர் குடிப்பாரா, மாமியார் மதிப்பாரா, பையன் படித்து மேலே வருவான் என்ற நம்பிக்கை இருக்கிறதா, வாடகை வீட்டை எப்போது காலி பண்ணச் சொல்வார்களோ என்ற பயம் உண்டா, எதுவும் அந்தத் தொகையில் தெரியாது. ஏணியில் குறி போடும்போது இவ்வளவையும் கூட்டிக் கழித்துத்தான் கை ஒரு படியில் நிற்கிறது.

பணக்காரங்களுக்கு நோய் வராதா? எங்க சொசைட்டில மேல்மாடி மாமிக்குத்தான் முதல்ல ஹார்ட் அட்டாக் வந்துச்சு.

வரும். தாராளமாக வரும். இங்கே பேசுவது ஓர் ஆளைப் பற்றி இல்லை, ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும் சாய்வைப் பற்றி.

1967ல் லண்டன் அரசு அலுவலகங்களில் தொடங்கி, பிற்பாடு மார்மட்டும் மற்றவர்களும் அலசிப் பார்த்த வைட்ஹால் ஆய்வு இதற்குப் பேர்போன உதாரணம். அதில் இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். எல்லாருக்கும் நிரந்தர வேலை உண்டு, இலவச அரசு மருத்துவம் உண்டு, யாரும் பட்டினி கிடக்கவில்லை. இருந்தும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயர் அதிகாரிகளைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. அதைவிட முக்கியம், நடுவில் இருந்த ஒவ்வொரு படியிலும் இந்த வித்தியாசம் தெரிந்தது. மேலதிகாரிக்கு அடுத்தபடி இருந்தவர் வசதியானவர்தான், ஆனாலும் மேலதிகாரியைவிடக் கொஞ்சம் மோசம். சிகரெட், பிபி, கொழுப்பு எல்லாம் சேர்ந்தும் இதில் ஒரு பகுதியைத்தான் விளக்கின. 1985ல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் 10,308 பேர்; அப்போது பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

நெனப்பு எப்படிங்க உடம்புக்குள்ள போகும்?

இரண்டு வழி இருக்கிறது. முதலாவது நேர்வழி. யாராவது மட்டம் தட்டும்போதோ, தட்டுவார்களோ என்று பயப்படும்போதோ உடம்பு சண்டைக்குத் தயாராவதுபோல அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது. இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும், சர்க்கரை ரத்தத்தில் கொட்டும். நாய் துரத்தினால் இது நல்லது. ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் தினமும் லிஃப்டில், ரேஷன் கடையில், பள்ளிக்கூட மீட்டிங்கில், ராத்திரி படுக்கையில் நினைத்துப் பார்க்கும்போது என்று அடங்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் உறுப்புகள் தேயும். இந்தத் தேய்மானத்துக்குத்தான் புரூஸ் மெக்கீவன் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் மற்றவர்களும் 1990களில் ஒரு கணக்குச் சொன்னார்கள்: பிபி, சர்க்கரை, இடுப்பளவு, கார்டிசால் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் ஏறியிருக்கும். தனியாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது, கூட்டினால் சுமை தெரியும்.

இரண்டாவது சுற்றுவழி. என்னைக் கேட்டால் நம் பெண்களிடம் இதுதான் அதிகம். தன்னைக் கீழே வைத்துப் பார்ப்பவள் தன் உடம்பையும் கீழேதான் வைப்பாள். எல்லாரும் சாப்பிட்டபின் பானையில் மிஞ்சியது அவளுக்கு. ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவான ஓபிடியில் கேஸ் பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். பின்னால் வந்தவர் உரிமையோடு முன்னால் போவார், இவள் ஒதுங்கி வழிவிடுவாள். உள்ளே டாக்டர் இந்தியில் படபடவென்று சொல்வதற்கெல்லாம் "ஹா, ஹா" என்று தலையாட்டுவாள். வெளியே வந்தபிறகு மாத்திரை அட்டையை என்னிடம் காட்டி, "இது காலையிலயா ராத்திரியிலயா அக்கா?" என்பாள். திரும்ப உள்ளே போய்க் கேட்கலாமே என்றால், "ஏதாவது சொல்லிடுவாங்க" என்பாள். பிபி மாத்திரை வேலை செய்யாமல் போவதற்கு இதைவிடப் பெரிய காரணத்தை நான் பார்த்ததில்லை.

அப்போ என் உடம்பு வலியெல்லாம் மனப்பிரமைன்னு சொல்றீங்களா?

இல்லவே இல்லை. மேலே சொன்ன பிபியும் சர்க்கரையும் கருவியில் தெரியும் அளவுகள். மனசில் தொடங்கினாலும் வந்து சேர்வது ரத்தக்குழாயில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அசதி, தலைசுற்றல், உடம்புவலி என்று வரும் பெண்ணிடம் ஏணியைப் பற்றிப் பேசி அனுப்பிவிடுவது தப்பு. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மகாராஷ்டிரத்திலும் தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. தைராய்டு, சுகர், பிபியும் பாருங்கள். ஏணி அதற்கு அப்புறம்தான்.

எந்த வியாதிக்கும் இதுக்கும் ரொம்ப சம்பந்தம்?

மனச்சோர்வு, தூக்கமின்மை இவற்றோடு தொடர்பு வலுவாகத் தெரிகிறது. "பொதுவா உங்க உடம்பு எப்படி இருக்கு?" என்ற ஒற்றைக் கேள்விக்கு வரும் பதிலோடும் அப்படித்தான். இதயநோய், பிபி, சர்க்கரை வியாதியோடும் தொடர்பு உண்டு, ஆனால் அவ்வளவு பலமாக இல்லை. அந்த ஒற்றைக் கேள்வியை லேசாக நினைக்காதீர்கள். "சுமாராத்தான் இருக்கு", "நல்லாவே இல்லை" என்று சொன்னவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் இறந்துபோவது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது.

நான் எந்த ஏணியில டிக் போடுறது? ஊர்லயா, பம்பாய்லயா?

இந்தக் கேள்விதான் வெளியூர் வந்த பெண்களை மற்றவர்களிடமிருந்து பிரிக்கிறது. பிறந்த ஊரிலேயே இருப்பவளுக்கு ஓர் ஏணி போதும். உங்களுக்கு இரண்டு. இரண்டிலும் போடச் சொல்வேன், இடையில் எத்தனை படி வித்தியாசம் என்று பார்ப்பேன்.

அமெரிக்காவில் குடியேறிய லத்தீன் அமெரிக்க, ஆசிய மக்களிடம் 2002-03ல் நடந்த ஒரு பெரிய கணக்கெடுப்பில் இதே மாதிரிக் கேட்டார்கள்: சொந்த நாட்டில் உங்கள் நிலை என்ன, இங்கே என்ன? அதை வைத்து 2009ல் வெளிவந்த ஆய்வின்படி, அங்கே மேலே இருந்து இங்கே கீழே இறங்கியதாக உணர்ந்தவர்களுக்குக் கடுமையான மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகம். எந்தப் படியில் நிற்கிறோம் என்பதோடு எந்தப் படியிலிருந்து இறங்கினோம் என்பதும் கணக்கில் வருகிறது. தஞ்சாவூர்ப் பக்கம் பள்ளியில் டீச்சராக இருந்து, கல்யாணமாகி இங்கே வந்து, இந்தி தெரியாததால் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெண்ணுக்குச் சாப்பாட்டுக்குக் குறையே இல்லை. ஆனால் "டீச்சர்" என்று கூப்பிட இங்கே ஓர் ஆள் கிடையாது. அவள் ஊர் ஏணியில் 7, இங்கே 3 என்று போடுகிறாள்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும், அதைப் பலர் யோசிப்பதில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தாராவிக்கு வந்தவர்களில் பெரும்பகுதி தலித் குடும்பங்கள். கையில் காசு அதிகம் இல்லை, பத்துக்குப் பத்து அறை, விடிவதற்கு முன்னால் எழுந்து இட்லி ஊற்ற வேண்டும். ஆனால் "ஊர்ல அந்தத் தெரு வழியா நடக்க முடியாதுக்கா, இங்க என்னை யாரும் எந்த ஆளுன்னு கேக்கறதில்ல" என்று சொல்லி ஊர் ஏணியில் 1, இங்கே 5 போடுவார்கள். சம்பளத்தை மட்டும் பார்க்கும் ஆராய்ச்சிக்கு இது பிடிபடாது.

ஊர்ல பம்பாய்க்காரின்னு பெருமையா பாக்குறாங்க. இங்க மதராசிங்கறாங்க. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துக்கவா?

வகுக்க முடியாது. சில சமயம் இரண்டும் ஒன்றோடொன்று மோதும். கோயில் கொடைக்கு ஊருக்குப் போகும்போது கழுத்து நிறையப் போட வேண்டும் என்று அடகு நகையை வட்டிக்கு வாங்கி மீட்பார்கள். திரும்பி வந்த வாரமே மறுபடி அடகுக்கடை. ஊர் ஏணியில் இருக்கும் 8ஆம் படியைக் காப்பாற்ற இங்கே 3ஆம் படியில் நிற்பவள் கடன் வாங்குகிறாள். அந்த வட்டிக் கணக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும்போது, எந்த ஏணி என்று உடம்பு பிரித்துப் பார்ப்பதில்லை.

மதராசி விஷயம் இப்போது 1960களில் இருந்த அளவுக்கு இல்லை. 1966ல் சிவசேனை தொடங்கிய காலத்தில் தென்னிந்தியர்களுக்கு எதிராக எழுந்த வெறுப்பை மாட்டுங்காவிலும் தாராவியிலும் உள்ள பாட்டிமார் இன்றைக்கும் சொல்வார்கள். இப்போது வருவது பெரும்பாலும் கேலி. கேலிதானே என்று விடலாம்தான், தினமும் வராமல் இருந்தால்.

அமெரிக்காவுல எடுத்த ஆராய்ச்சி நமக்கு எப்படிப் பொருந்தும்? நாம என்ன வேற நாட்டுக்கா போனோம்?

அப்படியே பொருந்தாது. விசா, நாடு கடத்தல் பயம் நமக்கு இல்லை. ஓட்டு உண்டு, நினைத்தால் ரயிலேறி ஊருக்குப் போகலாம். அமெரிக்காவிலேயே எல்லாருக்கும் ஒரே மாதிரி வரவில்லை. கர்ப்பிணிகளிடம் நடந்த ஓர் ஆய்வில் வெள்ளைக்கார, சீன-அமெரிக்கப் பெண்களுக்கு வருமான, படிப்பு வித்தியாசத்தைக் கணக்கில் கழித்த பிறகும் ஏணியில் போட்ட குறிக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு தெரிந்தது. கறுப்பின, லத்தீன் பெண்களுக்கு அந்த அளவுக்குத் தெரியவில்லை. அதனால் ஒரு நாட்டு எண்ணை எடுத்து இன்னொரு நாட்டுப் பெண்ணின் தலையில் வைக்கக் கூடாது.

ஆனால் முழுக்க வேறு என்றும் சொல்ல முடியாது. மொழி போகிறது, தெரிந்தவர்கள் போகிறார்கள், படிப்புக்கு மதிப்புக் குறைகிறது. சட்டப்படியும் சில இழப்பு உண்டு: ஒரு மாநிலத்துப் பட்டியலினச் சான்றிதழை வைத்து, குடிபெயர்ந்து போன மாநிலத்தில் இட ஒதுக்கீடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990ல் சொன்னது. பிள்ளைக்குக் காலேஜ் சீட் கேட்கப் போகும்போதுதான் பல தாய்மார்களுக்கு இது தெரியவருகிறது. 2011 சென்சஸில் இடம்பெயர்ந்தவர்கள் என்று எண்ணப்பட்டவர்கள் சுமார் 45 கோடி. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெண்கள். அவர்கள் சொன்ன முதல் காரணம் கல்யாணம்.

வந்த புதுசுல கல்லு மாதிரி இருந்தேன். இருபது வருஷத்துல எல்லா வியாதியும் வந்துடுச்சு. பம்பாய் தண்ணிதான் காரணமா?

தண்ணீர் மேல் பழி போடாதீர்கள். இருபது வருஷம் என்றால் வயதும் இருபது கூடியிருக்கிறதே. ஆனால் நீங்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளுக்குக் குடியேறியவர்கள் வந்த புதிதில் உள்ளூர்க்காரர்களைவிட ஆரோக்கியமாக இருப்பதும், வருஷம் ஆக ஆக அந்த அனுகூலம் கரைவதும் பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. உடம்பில் தெம்பு உள்ளவர்கள்தான் கிளம்பிப் போகிறார்கள் என்பது ஒரு காரணம். போன இடத்துச் சாப்பாடும், உட்கார்ந்தே பார்க்கும் வேலையும், மன அழுத்தமும் பிறகு சேர்கின்றன.

நம் பெண்களுக்கு முதல் பாதி எவ்வளவு பொருந்தும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. வேலை தேடிக் கிளம்புகிறவர் தன் உடம்பை நம்பிக் கிளம்புகிறார். கல்யாணமாகி வருகிறவளை யாரும் தெம்பு பார்த்து அனுப்புவதில்லை. ரத்தசோகையோடே வந்து இறங்குகிறவர்கள் நிறைய.

என் வீட்டுக்காரரும் இதே ரயில்லதானே வந்தார். அவருக்கு ஏன் ஒண்ணும் ஆகல?

ஒன்றும் ஆகவில்லை என்பதை பிபி பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஆண்கள் கூட்டத்துக்கே வருவதில்லை. புகையிலையும் குடியும் செய்வதை ஏணி வந்துதான் சொல்ல வேண்டும் என்றில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அவர் வந்தது வேலைக்கு. வேலையோடு நாலு பேர் பழக்கம், டீக்கடை, இந்தி எல்லாம் வந்துவிட்டன. நீங்கள் வந்தது அவருடைய வீட்டுக்கு. ஏணியைக் கொடுத்தால் "எங்க வீட்டுக்காரர் ரயில்வேல இருக்கார், அஞ்சு போடுங்க" என்று அவருடைய படியைத்தான் பல பெண்கள் சொல்கிறார்கள். "சரி, உங்களுக்கு?" என்று திரும்பக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். எனக்கு வேண்டியது அந்த இரண்டாவது பதில்தான்.

என் மக நியூஜெர்சியில இருக்கா. பெரிய வீடு, ரெண்டு கார். ஆனா எப்பப் பாரு தூக்கம் வரல, படபடப்புங்கறா. கண்ணேறுதானே?

திருஷ்டி சுற்றிப் போடுங்கள், அதில் நஷ்டமில்லை. ஆனால் அவள் எந்த விசாவில் இருக்கிறாள் என்றும் கேளுங்கள். எச்-1பி வேலை விசாவில் போனவரின் மனைவிக்குக் கிடைப்பது எச்-4. அந்த விசாவில் வேலை செய்யக் கூடாது என்பதுதான் பொது விதி. 2015 மே மாதத்திலிருந்து ஒரு பகுதியினருக்கு, அதாவது கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால், அனுமதி கொடுக்கிறார்கள். மற்றவர்கள் எம்.இ. படித்திருந்தாலும் வீட்டில்தான்.

செம்பூரில் வேலைக்குப் போய்த் தன் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்துக் கொடுத்த பெண், அங்கே பத்து டாலர் செலவுக்கும் கணவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. வீடு பெரிதானது நிஜம், படி இறங்கியதும் நிஜம். மேலே இரண்டு ஏணியைப் பற்றிச் சொன்னது அவளுக்கு நம்மைவிடக் கச்சிதமாகப் பொருந்தும். "உனக்கென்ன குறைச்சல்?" என்று மட்டும் போனில் கேட்காதீர்கள். குறைச்சலைச் சொல்ல அவளுக்கு இருப்பது நீங்கள்தான்.

உடம்பு சரியில்லாததாலதானே நான் கீழ்ப்படியில டிக் போட்டேன்? நீங்க தலைகீழா சொல்றீங்களே?

சரியாகப் பிடித்தீர்கள். மூட்டுவலியில் படுத்துக் கிடப்பவள் தன்னைக் கீழேதான் வைப்பாள். சோர்வில் இருப்பவளுக்கு எல்லாமே கீழே தெரியும். ஒரே நாளில் ஏணியையும் உடல்நலத்தையும் கேட்டு முடிக்கும் ஆய்வுகளால் எது முதல் என்று சொல்லவே முடியாது. அப்படிப்பட்ட ஆய்வுகள்தான் நிறைய.

அதனால் வேறு மாதிரிச் செய்து பார்த்தவர்களும் உண்டு. 2008ல் ஷெல்டன் கோஹன் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு, நல்ல ஆரோக்கியமாக இருந்த 193 பேரிடம் முதலில் ஏணியைக் கொடுத்துக் குறி வாங்கிக்கொண்டது. அப்புறம் அவர்கள் சம்மதத்தோடு மூக்கில் சளி அல்லது ஃப்ளூ வைரஸை விட்டுத் தனியறையில் வைத்துப் பார்த்தது. தன்னைக் கீழே வைத்தவர்களுக்குச் சளி பிடித்தது அதிகம். நிஜ வருமானத்தையும் படிப்பையும் கழித்த பிறகும் அப்படித்தான். இங்கே குறி முதலில், நோய் பிறகு.

2016ல் வந்தது குரங்கு ஆய்வு. 45 பெண் ரீசஸ் குரங்குகளை ஐந்தைந்தாக, ஒவ்வொன்றாகப் புதுக் கூட்டத்தில் விட்டார்கள். முதலில் வந்தது மேலே, கடைசியாக வந்தது கீழே. (கூட்டுக் குடும்பத்தில் கடைசி மருமகளாகப் போனவர்கள் இந்த இடத்தில் எப்போதும் சிரிப்பார்கள்.) கீழே இருந்த குரங்குகளின் நோய் எதிர்ப்பு அணுக்கள் வேறு மாதிரி வேலை செய்தன. பிறகு கூட்டங்களைக் கலைத்து வரிசையை மாற்றினார்கள். இடம் மாறியதும் அணுக்களின் போக்கும் மாறியது. எனக்கு இதில் பிடித்த பகுதி அதுதான்.

அப்போ தன்னம்பிக்கையை வளத்துக்கிட்டா சரியாயிடும். வாட்ஸ்அப்லயும் தினம் அதானே வருது?

அந்தக் குரங்குகளுக்கு யாரும் தன்னம்பிக்கை வீடியோ போட்டுக் காட்டவில்லை, இடத்தை மாற்றினார்கள். வாடகை பாக்கி வைத்திருப்பவளிடம் "உன்னை நீ உயர்வாக நினை" என்று சொல்வது எனக்குக் கொஞ்சம் கொடுமையாகவே படுகிறது. ஏணியில் குறியை ஒரு படி மேலே போடுவதால் ஒன்றும் மாறாது. நிற்கும் இடம் கொஞ்சமாவது மாற வேண்டும். தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, அதன் ஓடிபி தன் போனுக்கே வருவது, தன் பெயரும் சேர்ந்த வாடகை ஒப்பந்தம், மாதம் ஒரு முறையாவது பேர் சொல்லிக் கூப்பிடும் நாலு பேர் உள்ள ஒரு கூட்டம், அது மகளிர் குழுவோ கோயில் கோலக் குழுவோ. மேலே சொன்ன தஞ்சாவூர் டீச்சர் இப்போது தான் இருக்கும் சாலில் (வரிசையாக ஒற்றை அறை வீடுகள் உள்ள கட்டடத்தில்) உள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறார். வருமானம் சொற்பம். ஆனால் மாடிப்படியில் "டீச்சர்" என்று கூப்பிடுகிறார்கள்.

மராத்தி கத்துக்கிட்டா பிபி குறையுமா?

உப்பைக் குறைத்து மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் குறையும். மராத்தி கற்றுக்கொண்டால் அந்த மாத்திரையை எப்போது போடுவது என்று நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆஸ்பத்திரியில் சொல்ல நாலு வாக்கியம் போதும், முழு இலக்கணம் தேவையில்லை.

இதையெல்லாம் டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது? சிரிக்க மாட்டாங்களா?

ஏணி, படி என்று போய் நிற்காதீர்கள். ஓபிடியில் அதற்கு நேரம் இல்லை. எத்தனை மணிக்குப் படுக்கிறேன், எத்தனை மணிக்குத் தூக்கம் வருகிறது, எத்தனை மணிக்கு எழுகிறேன், கடைசியாக எப்போது வயிறாரச் சாப்பிட்டேன், எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது எத்தனை வாரமாக. இவற்றைச் சின்னத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். எழுத வராதென்றால் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். சின்னப் பிரச்சினைக்குப் பெரிய ஆஸ்பத்திரி வரிசை வேண்டாம். மாநகராட்சியின் சின்ன மருந்தகமான ஆப்லா தவாகானா பக்கத்தில் இருந்தால் அங்கே பிபி, சுகர் இலவசம்.

மனசு தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே இந்த எண்ணைக் கூப்பிடுங்கள், பக்கத்தில் இருக்கும் ஒருவரிடமும் சொல்லுங்கள்.

நான் பத்தாவது படியில டிக் போட்டேன். ஆனா சுகர் 280. அப்போ உங்க ஏணி பொய்தானே?

பத்தாவது படியில் போட்டபோது பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? சம்பந்தியம்மா என்றால் நானும் பத்துதான் போட்டிருப்பேன். பக்கத்து ஆள் பார்க்கும்படி போட்ட குறியை ஆராய்ச்சிக்காரர்களும் நம்ப மாட்டார்கள். நிஜமாகவே பத்து என்றாலும் முரண்பாடு இல்லை. மேல்மாடி மாமி விஷயத்தில் சொன்னதுபோல இது கூட்டத்தின் சராசரி. உங்கள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சுகர் இருந்தால் படி அதைக் கேட்டுக்கொண்டு நிற்காது.

280 சாப்பிட்ட பிறகு பார்த்ததா, வெறும் வயிற்றிலா? எதுவாக இருந்தாலும் இந்த வாரமே போய் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். 6.5 அல்லது அதற்கு மேல் வந்தால் சர்க்கரை வியாதி என்று அர்த்தம். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள், சம்பந்தியம்மாவையும் கூட்டி வாருங்கள். அவருக்கும் பார்த்துவிடலாம்.